தேவன் சொன்னதால் நன்மையா, நன்மை என்பதால் சொன்னாரா? நான்கு நிலைப்பாடுகளின் ஒப்பீடு

வேத ஆராய்ச்சிக் கூட்டம் நடத்துகிறவர்களும் இறையியல் மாணவர்களும் ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்துக்கு வந்ததும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். மகனைப் பலியிடச் சொல்லி ஆபிரகாமுக்குக் கட்டளை வருகிறது. எரேமியா 7:31-இலோ, பிள்ளைகளை அக்கினியில் தகனிப்பது தம் மனதில் தோன்றவே இல்லை என்று அதே கடவுள் சொல்கிறார். கட்டளை வந்துவிட்டால் கொலையும் சரியாகிவிடுமா? அல்லது ஏற்கெனவே சரியாக இருப்பதைத்தான் கடவுள் கட்டளையிடுகிறாரா? முதலாவதை ஏற்றால் கடவுள் கொடுங்கோலராகத் தெரிகிறார். இரண்டாவதை ஏற்றால் அவருக்கு மேலே ஒரு சட்டம் நிற்கிறது.

பிளேட்டோவின் யூதிஃப்ரோ உரையாடலில் சாக்ரட்டீஸ் பல தேவர்களை முன்னிட்டுக் கேட்ட கேள்வி இது. எல்லாவற்றையும் படைத்த ஒரே கடவுளை நம்புகிறவர்களுக்கு அது இன்னும் கூர்மையாகிறது. படைத்தவருக்கு வெளியே எதையும் வைக்க இங்கே இடமில்லை.

## முதலில் கேள்வியைப் பிரிப்போம்

"எல்லாவற்றையும் தேவசித்தம்தான் தீர்மானிக்கிறதா" என்று மொத்தமாகக் கேட்டால் எந்தப் பதிலும் ஏதோ ஓர் இடத்தில் உடையும். உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன.

மெய்: இரண்டும் இரண்டும் நான்கு என்பது கடவுள் விரும்பியதால் உண்மையா?
நன்மை: அன்பு நல்லது, கொடூரம் கெட்டது என்பது அவர் விரும்பியதாலா?
கடமை: நான் இதைச் செய்தே ஆக வேண்டும், செய்யாவிட்டால் குற்றவாளி என்ற பொறுப்பு எங்கிருந்து வருகிறது?

ஒரே ஆள் இந்த மூன்றுக்கும் மூன்று பதில் சொல்லலாம். அதில் முரண்பாடு எதுவும் இல்லை. இந்தக் கட்டுரையின் சாய்வும் அந்தப் பக்கம்தான்: மெய்யையும் நன்மையையும் கடவுளின் இயல்பில் வைத்துவிட்டு, கடமைகளில் ஒரு பகுதியைக் கட்டளைக்குக் கொடுப்பதே உறுதியான நிலைப்பாடு. இப்படிப் பிரிக்காமல் தேவசித்தம் என்ற ஒரே சொல்லின்மேல் எல்லாப் பாரத்தையும் ஏற்றுவதால்தான் பெரும்பாலான குழப்பம் வருகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து அளவுகோல்கள் போதும்.

1. இறையாண்மை: கடவுள் தமக்கு வெளியே உள்ள எதையும் சார்ந்திராமல் இருக்கிறாரா?
2. துதியின் பொருள்: "கர்த்தர் நல்லவர்" என்ற வாக்கியம் எதையாவது சொல்கிறதா, அல்லது "கர்த்தர் கர்த்தராக இருக்கிறார்" என்று சுற்றி வருகிறதா?
3. நிலைத்தன்மை: இன்று பாவமாக இருப்பது நாளை புண்ணியமாக மாற வாய்ப்புண்டா?
4. அறிவு: வேதத்தைக் கேள்விப்படாத ஒருவர் நல்லது கெட்டது அறிந்திருப்பதை விளக்க முடிகிறதா?
5. வேத வாசிப்பு: ஆதியாகமம் 22, ஓசியா 1:2 (சோரஸ்திரீயை மணக்கச் சொல்லித் தீர்க்கதரிசிக்கு வரும் கட்டளை) போன்ற பகுதிகளை மழுப்பாமல் வாசிக்க முடிகிறதா?

## ஒன்று: சித்தமே அளவுகோல்

இந்த நிலைப்பாட்டின் முழுவடிவம் இடைக்கால ஆங்கில இறையியலாளரான ஒக்காமின் வில்லியமிடம் (சுமார் 1287–1347) கிடைக்கிறது. திருட்டையும் விபசாரத்தையும், தம்மை வெறுப்பதையும்கூடக் கடவுள் கட்டளையிட்டால் அவை நற்செயலாகிவிடும் என்று எழுதினார். "திருட்டு" போன்ற சொற்களுக்குள்ளேயே "தடுக்கப்பட்டது" என்ற பொருள் இருப்பதால், கட்டளை மாறினால் அந்தப் பெயரே அச்செயலுக்குப் பொருந்தாது என்பது அவர் தந்த விளக்கம். கடவுள் அப்படிக் கட்டளையிடப்போகிறார் என்று அவர் சொல்லவில்லை. கடவுளால் என்னென்ன முடியும் என்பது ஒன்று, அவர் தாமே வகுத்த ஒழுங்குக்குள் என்ன செய்கிறார் என்பது வேறு. இந்த வேறுபாட்டை இடைக்கால இறையியலாளர்கள் கவனமாகக் காத்தார்கள். ஒக்காமைக் கேலிச்சித்திரமாக்குகிறவர்கள் வழக்கமாக இதை விட்டுவிடுகிறார்கள்.

சீர்திருத்தக் காலத்தில் லூத்தர் 1525-இல், கடவுள் விரும்புவது சரியாக இருப்பது அவர் விரும்புவதால்தான், அப்படி விரும்ப அவர் கடமைப்பட்டிருந்ததால் அல்ல என்று எழுதினார். கால்வினும் கடவுளின் சித்தமே நீதியின் உச்ச விதி என்கிறார். ஆனால் அதே பத்தியில் கால்வின், கட்டுப்பாடற்ற வெறும் வல்லமை என்ற கற்பனையைத் தாம் ஆதரிக்கவில்லை என்றும் சேர்க்கிறார். அவரை முழுச் சித்தவாதி என்று முத்திரை குத்துகிறவர்கள் பத்தியின் பாதியோடு நிறுத்தியவர்கள்.

இந்த நிலைப்பாட்டின் பலம் இறையாண்மை. ரோமர் 9-இன் குயவனும் களிமண்ணும் இங்கே இயல்பாகப் பொருந்துகின்றன. ஏதேன் தோட்டத்துக் கனி, லேவியராகமம் 11-இன் உணவு விதிகள் போன்றவற்றையும் எளிதாக விளக்கலாம். அந்தக் கனியில் விஷம் இருந்ததாக எங்கும் சொல்லப்படவில்லை. விலக்கப்பட்டதால்தான் அதை உண்பது தவறானது. அப்போஸ்தலர் 10-இல் பேதுருவுக்கு வந்த தரிசனத்தை அடுத்து, தீட்டென்று இருந்தது தீட்டில்லை என்றாகிறது.

மறைந்திருக்கும் விலை மூன்று.

முதலாவது, துதி வெறுமையாகிறது. 1686-இல் லைப்னிட்ஸ் இதை நேராகக் கேட்டார்: நேர் எதிரானதைச் செய்திருந்தாலும் அதே அளவு புகழத்தக்கவராக இருப்பார் என்றால், செய்ததற்காக ஏன் அவரைப் புகழ வேண்டும்?

இரண்டாவது, கீழ்ப்படியும் கடமையே காற்றில் தொங்குகிறது. ஆங்கிலத் தத்துவவாதி ரால்ஃப் கட்வர்த் (1617–1688) வைத்த வாதம் இது. கட்டளைக்கு ஏன் கீழ்ப்படிய வேண்டும்? "கீழ்ப்படி என்று கட்டளை இருக்கிறது" என்றால் அந்தக் கட்டளைக்கு ஏன்? எங்கோ ஓர் இடத்தில், கட்டளைக்கு முன்பே, கடவுளுக்குக் கீழ்ப்படிவது சரி என்பது இருந்தாக வேண்டும்.

மூன்றாவதை இந்தப் பக்கம் நிற்கிறவர்கள் அதிகம் யோசிப்பதில்லை: இரட்சிப்பின் நிச்சயம் போய்விடுகிறது. பொய் சொல்வது தவறு என்பது கடவுளின் விருப்பத்தை மட்டும் பொறுத்தது என்றால், வாக்குத்தத்தங்களை மீறுவதையே அவர் நல்லதென்று விரும்பிவிடலாம். "நான் மாறமாட்டேன்" என்று அவர் சொல்லியிருப்பதும் ஒரு வாக்குத்தத்தம்தான். அதுவும் அதே ஆபத்தில் இருக்கிறது. விசுவாசியின் நிச்சயத்துக்காகவே இறையாண்மையை இவ்வளவு உயர்த்தினார்கள். உயர்த்திய விதம் அந்த நிச்சயத்தையே பறித்துவிடுகிறது. தீத்து 1:2-உம் எபிரெயர் 6:18-உம் கடவுளின் விருப்பத்தின்மேல் நிச்சயத்தைக் கட்டவில்லை. பொய்யுரைக்க முடியாதவர் என்பதன்மேல் கட்டுகின்றன.

## இரண்டு: கடவுளுக்கு வெளியே நிற்கும் நன்மை

நன்மை தீமை கடவுளைச் சாராமலே உண்மை. கடவுள் அதைப் பிழையின்றி அறிந்து, பிழையின்றி நடக்கிறார். நம் காலத்தில் தத்துவவாதி ரிச்சர்ட் ஸ்வின்பர்ன் இதற்கு நெருக்கமாக நிற்கிறார்: அடிப்படை அறநெறிகள் கணிதம்போலத் தவிர்க்க முடியாத உண்மைகள், அவற்றை மாற்ற முடியாதது கடவுளுக்கு ஒரு குறையாகாது.

நம்பிக்கையற்றவரோடு பேச இதுவே எளிய தளம். டச்சுச் சட்ட அறிஞர் குரோஷியஸ் 1625-இல், கடவுள் இல்லை என்று வாதத்துக்காக வைத்துக்கொண்டாலும் இயற்கைச் சட்டத்துக்கு (மனித இயல்பிலிருந்தே பகுத்தறிவால் அறியும் அறநெறிக்கு) ஓரளவு செல்லுபடி உண்டு என்று எழுதியது பின்னாளைய விவாதங்களில் அடிக்கடி மேற்கோளானது. (அப்படி வைத்துக்கொள்வதே பெரும் அக்கிரமம் என்று அவரே அந்த இடத்தில் சொல்லியிருக்கிறார்.)

விலை வெளிப்படையானது. கொலோசெயர் 1:16-17, காண்பவை காணாதவை எல்லாம் அவராலே உண்டாயின என்கிறது. படைக்கப்படாத, கடவுளும் அல்லாத ஒன்று நித்தியமாக நிற்கிறது என்றால் அது வேத நம்பிக்கைக்குள் எளிதாக அடங்காது. இன்னொன்றும் உண்டு: பாவம் ஒரு விதியை மீறுவதாகச் சுருங்கிவிடுகிறது. "உமக்கு விரோதமாகவே பாவஞ்செய்தேன்" என்ற சங்கீதம் 51-இன் கதறலை இந்த மொழியில் சொல்வது கடினம்.

## மூன்று: கடவுளின் இயல்பே அளவுகோல்

அகுஸ்தீன் பிளேட்டோவின் நித்திய வடிவங்களைக் கடவுளின் அறிவுக்குள் கொண்டுவந்தார். அங்கிருந்து இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் (1225–1274) முழுக் கட்டுமானத்தையும் எழுப்பினார். கடவுள் நல்லவராக இருக்கிறார் என்பதைவிட, நன்மை என்பதே அவர்தான். அவர் சித்தம் அவருடைய ஞானத்தின் வழியே செல்கிறது. நீதி வெறும் விருப்பத்தை மட்டும் சார்ந்தது என்று சொல்வது தேவதூஷணம் என்றே அக்வினாஸ் எழுதுகிறார். அவ்வளவு நிதானமான எழுத்தில் இவ்வளவு கடுமையான சொல் வருவது அரிது.

இங்கே யூதிஃப்ரோ கேள்வியின் இரு கொம்புகளும், அதாவது கொடுங்கோலர், மேலே ஒரு சட்டம் என்ற இரு சிக்கல்களும், மழுங்குகின்றன. அளவுகோல் கடவுளுக்கு வெளியே இல்லை, ஆகவே அவர் எதற்கும் கீழ்ப்பட்டவர் அல்ல. அது அவருடைய மாறாத இயல்பு, ஆகவே மனம்போனபடி மாறாது. "அவர் தம்மைத்தாம் மறுதலிக்கமாட்டார்" என்ற 2 தீமோத்தேயு 2:13 இதன் சுருக்கம். மனிதர் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர்கள் என்பதால், வேதம் வாசிக்காதவரும் நன்மையை ஓரளவு அறிவது எப்படி என்பதற்கும் பதில் கிடைக்கிறது. ரோமர் 2:14-15 சொல்வதும் அதுவே.

இதுவும் இலவசமாக வருவதில்லை.

"அந்த இயல்பு ஏன் நல்லது?" என்ற கேள்வி மீண்டும் எழும். இதற்குத் தத்துவவாதி வில்லியம் ஆல்ஸ்டன் 1990-இல் ஓர் உவமை தந்தார்: பாரிஸ் அருகே வைக்கப்பட்டிருந்த பிளாட்டினம்-இரிடியம் மீட்டர் கம்பி. அது ஒரு மீட்டர் நீளம் உடையதாக இருப்பது வேறு அளவுகோலோடு ஒத்துப்போவதால் அல்ல, அதுவே அளவுகோல் என்பதால். அப்படியே, அன்பு நல்லதாக இருப்பது அது கடவுளை ஒத்திருப்பதால். அதற்குமேல் கேட்க இடமில்லை. ஓரிடத்தில் நிற்கத்தான் வேண்டும் என்பது நியாயம். ஆனால் உவமையில் ஒரு பலவீனம் உண்டு: அந்தக் கம்பியை மனிதர்கள் 1889-இல் தேர்ந்தெடுத்தார்கள், 1960-இல் கைவிட்டு வேறு வரையறைக்குப் போனார்கள். கடவுளின் நன்மையை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்று காட்ட, ஆல்ஸ்டனின் உவமையைவிட அக்வினாஸின் கனமான கருத்து தேவை: கடவுளில் இருப்பும் நன்மையும் ஒன்றே, அவரில் பகுதிகள் இல்லை. இந்தக் கருத்தை விட்டுவிட்டு "இயல்பே அளவுகோல்" என்று மட்டும் சொன்னால் பதில் தளர்ந்துவிடும். பிரசங்கங்களில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

அடுத்த விலை, "இயற்கைக்கு முரணானது" என்று நாம் தீர்ப்பளிப்பதில் வரும் பிழை. கடனுக்கு வட்டி வாங்குவது தன்னளவிலேயே அநீதி என்று அக்வினாஸ் வாதிட்டார். பிற்காலத்தில் சபைகள் நியாயமான வட்டியை ஏற்றுக்கொண்டன. கடவுளின் இயல்பு மாறவில்லை; அதை வாசித்ததாக மனிதர் சொன்னது மாறியது. இந்த நிலைப்பாட்டைத் தெரிவு செய்கிறவர்கள், தங்கள் பழக்கத்தைப் படைப்பின் ஒழுங்கு என்று பெயரிட்டு வைக்கும் சோதனைக்கு எப்போதும் விழிப்பாக இருக்க வேண்டும்.

## நான்கு: நன்மை இயல்பிலிருந்து, கடமை கட்டளையிலிருந்து

இதன் விதை இடைக்கால இறையியலாளர் தன்ஸ் ஸ்கோட்டஸிடம் (சுமார் 1266–1308) இருக்கிறது. பத்துக் கட்டளைகளை அவர் பிரித்தார். கடவுளை நோக்கிய முதல் பலகையின் கட்டளைகள், குறைந்தது முதல் இரண்டு, மாற்ற முடியாதவை. கடவுளே நினைத்தாலும் தம்மை வெறுப்பதை நன்மையாக்க இயலாது. அயலானை நோக்கிய இரண்டாம் பலகை நன்மையோடு மிகவும் இசைந்தது, ஆனாலும் தளர்த்தக்கூடியது.

அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் ஆடம்ஸ் 1970-களிலிருந்து இதைப் புதுவடிவில் கட்டி 1999-இல் முழுமையாக்கினார். நன்மை என்பது கடவுளை ஒத்திருத்தல். கடமை என்பது அன்புள்ள கடவுளின் கட்டளை. "அன்புள்ள" என்ற அடைமொழிதான் இங்கே பாதுகாப்பு: கொடூரத்துக்காகவே கொடூரம் செய்யச் சொல்லி ஒரு கட்டளை வந்தால், அதை மீறுவது தவறாகாது.

நல்லவை எல்லாம் கடமை அல்ல என்ற அனுபவத்துக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. எல்லாவற்றையும் விற்றுக் கொடுப்பது நல்லது. எல்லோருக்கும் அது கடமை இல்லை. மாற்கு 10-இன் பணக்காரனுக்கு, அவனை நோக்கிச் சொல்லப்பட்டதால், கடமையானது. பாவம் ஓர் ஆளுக்கு எதிரானது என்ற உணர்வும் இங்கே காப்பாற்றப்படுகிறது.

விலை: கட்டளையைக் கேள்விப்படாதவருக்குக் கடமை உண்டா? மனசாட்சியையே கட்டளை வரும் வழியாகக் கொண்டு பதில் சொல்கிறார்கள். அது போதுமா என்பது விவாதத்திலேயே இருக்கிறது. ஒரு கட்டளை உண்மையில் கடவுளிடமிருந்து வந்ததா என்று யார் முடிவுசெய்வது என்பதே பெரிய சிக்கல்.

| | இறையாண்மை | துதியின் பொருள் | நிலைத்தன்மை | எல்லோருக்குமான அறிவு | கடின வேதப்பகுதி |
|---|---|---|---|---|---|
| சித்தம் | மிக வலு | பலவீனம் | பலவீனம் | பலவீனம் | எளிது, ஆனால் விலை அதிகம் |
| வெளி அளவுகோல் | பலவீனம் | வலு | வலு | வலு | கடினம் |
| இயல்பு | வலு | வலு, கனமான கருத்துகள் தேவை | வலு | வலு | விளக்கம் தேவை |
| இயல்பு + கட்டளை | வலு | வலு | பெரும்பாலும் வலு | நடுத்தரம் | விளக்கம் தேவை |

## மெய்யைப் பற்றித் தனியாக

பிரெஞ்சுத் தத்துவவாதி டெக்கார்ட் 1630-இல் தம் நண்பர் மெர்சேனுக்கு எழுதிய கடிதங்களில் ஒரு துணிச்சலான எல்லைக்குப் போனார். அரசன் தன் நாட்டில் சட்டம் இயற்றுவதைப்போலக் கடவுள் கணித உண்மைகளை நிறுவினார். வட்டத்தின் மையத்திலிருந்து விளிம்புக்குப் போகும் கோடுகள் எல்லாம் சமமாக இல்லாதபடி செய்யவும் அவருக்குச் சுதந்திரம் இருந்தது. நமக்கு அது புரியாது என்பது நம் மனத்தின் எல்லை மட்டுமே.

அக்வினாஸின் பதில் எளியது: முரண்பாடு என்பது செய்யக்கூடிய ஒரு பொருளே அல்ல. சதுர வட்டத்தைக் கடவுளால் செய்ய முடியாது என்பதைவிட, அப்படி ஒன்று செய்யப்பட முடியாது என்பதே சரி. நடந்து முடிந்ததை நடவாததாக்க முடியுமா என்று 11-ஆம் நூற்றாண்டில் பேதுரு தமியானி ஆராய்ந்த கேள்விக்கும் அக்வினாஸ் இதே காரணத்தால் இல்லை என்கிறார்.

டெக்கார்ட்டின் பக்கம் போனால் என்ன உடைகிறது என்று பார்த்தால் போதும். முரண்பட்ட இரண்டும் ஒருசேர உண்மையாகலாம் என்றால், "கடவுள் வாக்களித்தார்" என்பதும் "வாக்களிக்கவில்லை" என்பதும் ஒருசேர உண்மையாகலாம். நற்செய்தி என்ற சொல்லுக்கே பிடிமானம் இல்லாமல் போய்விடும்.

ஆனால் தற்செயல் உண்மைகளில் தேவசித்தத்துக்கு முழு இடம் உண்டு. உலகம் இருக்கிறது, இத்தனை கோள்கள் சுழல்கின்றன, நாம் பிறந்தோம் என்பவை அவர் படைக்க விரும்பியதால் உண்மை. அவை இல்லாமலும் இருந்திருக்கலாம். "உண்மையைத் தேவசித்தம் தீர்மானிக்கிறதா" என்று கேட்கிறவருக்கு, எந்த உண்மை என்று திருப்பிக் கேட்பதே முதல் உதவி.

## ஆபிரகாமில் சோதித்தால்

அக்வினாஸின் வாசிப்பில், உயிரைத் தந்தவருக்கே அதை எடுக்கும் உரிமை இருக்கிறது. ஆகவே அங்கே கொலை என்ற குற்றமே இல்லை. கீர்க்ககார்ட் 1843-இல், அறநெறியே ஒரு கணம் நிறுத்திவைக்கப்படுகிறது என்றார். கான்ட் 1798-இல் நேர் எதிர்ப் பக்கம் நின்றார்: மகனைக் கொல்லக் கூடாது என்பது நிச்சயம், பேசுகிறவர் கடவுள்தான் என்பது நிச்சயமில்லை என்று ஆபிரகாம் பதிலளித்திருக்க வேண்டும் என்றார்.

பகுதியை அருகில் வைத்துப் பார்த்தால் ஒரு விவரம் கண்ணில் படுகிறது. 22:5-இல் ஆபிரகாம் வேலைக்காரரிடம், தானும் பிள்ளையும் போய்த் தொழுதுகொண்டு "திரும்பி வருவோம்" என்கிறான், பன்மையில். எபிரெயர் 11:19 அதற்கு விளக்கம் தருகிறது: மரித்தோரிலிருந்தும் எழுப்பக் கடவுள் வல்லவர் என்று அவன் எண்ணினான். ஈசாக்கின் வழியாகவே சந்ததி என்ற வாக்கு 21:12-இல் ஏற்கெனவே இருந்தது. அப்படியானால் அவன் கீழ்ப்படிந்தது, கடவுள் எதைச் சொன்னாலும் சரி என்பதால் அல்ல. சொன்ன வாக்கைக் கைவிடாதவர் என்பதால். நான்கு அதிகாரங்களுக்கு முன்னே, 18:25-இல், "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று கேட்டவனும் அவனே. முழுச் சித்தவாதிக்கு அந்தக் கேள்வி பொருளற்றது.

1 சாமுவேல் 15-இன் அமலேக்கியர் அழிவு இதைவிடக் கடினம். உயிருக்கு உரிமையாளர் என்ற பதில் கடவுளைப் பற்றிய கேள்வியைத் தணிக்கிறது. குழந்தையின்மேல் வாள் ஓங்கும் வீரனைப் பற்றிய கேள்வியைத் தணிப்பதில்லை. அங்கே நான்கு நிலைப்பாடுகளில் எதுவும் முழு நிம்மதி தருவதில்லை. தருவதாகச் சொல்லும் விளக்கத்தைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

## எந்தச் சூழலில் எது

சடங்கு விதிகள், ஓய்வுநாள், பழைய ஏற்பாட்டு உணவுக் கட்டளைகள் ஆகியவற்றைக் கற்பிக்கும்போது முதல் நிலைப்பாட்டின் மொழி போதும். அதையே கொலை, துரோகம், கொடுமை ஆகியவற்றுக்கு நீட்டும்போதுதான் சேதம் தொடங்குகிறது.

பல சமயத்தவர் அமர்ந்திருக்கும் மேசையில் ஒரு பொதுச் சட்டத்தைப் பற்றிப் பேசினால், இயல்பையும் படைப்பையும் அடிப்படையாகக் கொண்ட மூன்றாவது உதவும். எதிராளி கடவுளையே ஏற்காதபோது வாதத்தின் முதல் படிக்கு இரண்டாவதைக் கடன் வாங்குவதிலும் தவறில்லை. மரபணு மாற்றம், செயற்கை நுண்ணறிவு போல நேரடிக் கட்டளையே இல்லாத புதிய விஷயங்களில் முதலாவது வாயடைத்துப்போகும், அங்கேயும் மூன்றாவதே.

அழைப்பு, ஊழியம், துறவு, தனிப்பட்ட தியாகம் பற்றி ஆலோசனை கேட்டு வருகிறவருக்கு நான்காவது பொருந்தும். பிறர்மேல் சுமத்தாமல் "இது எனக்கான கடமை" என்று சொல்ல அது இடம் தருகிறது.

"கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்று ஒருவர் இன்னொருவரின் உடலையோ பணத்தையோ திருமணத்தையோ கேட்டு வரும்போது, முதல் நிலைப்பாட்டைப் பிடித்திருக்கிற சபைக்கு அவரைத் தடுக்க எந்தக் கருவியும் இருக்காது. சொன்னது கடவுளா என்ற ஒரே கேள்விதான் மிஞ்சும், அதற்கும் அவரே சாட்சி. உபாகமம் 13:1-3 வேறு வழி காட்டுகிறது: சொன்ன அடையாளம் அப்படியே நிறைவேறினாலும், சொன்ன செய்தி கடவுளை விட்டு விலக்குமானால் அந்தத் தீர்க்கதரிசிக்குச் செவிகொடுக்கக் கூடாது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது உள்ளடக்கத்தை: கேட்கப்படுவது கடவுளின் வெளிப்பட்ட குணத்தோடு இசைகிறதா? அடுத்து, யாருக்கு லாபம், யாருக்கு இழப்பு? அதன் பிறகு, மறுத்தால் மிரட்டல் வருகிறதா, அதைச் சபையின் மற்றவர்கள்முன் வெளிப்படையாகச் சொல்ல அவர் தயாரா? முதல் கேள்வியிலேயே விழுந்தால் மீதியைக் கேட்கத் தேவையில்லை. பாதிக்கப்படக்கூடியவரை உடனே அவரிடமிருந்து விலக்கிப் பாதுகாப்பதே அடுத்த வேலை.